சுருட்டி ஒட்டிய கடல்

மங்கையர்க்கரசிக்குக் கடலில் கால் நனைப்பதுகூடப் பிடிக்காது. மணல் ஒட்டும், உப்பு பிசுபிசுக்கும், சேலைக்கரை பாழாய்ப் போகும். இருந்தும், கடலில் தொலைந்த மனிதன் எங்கே இருக்கிறான், இனி இருப்பானா மாட்டானா என்று கடைசி வார்த்தை சொல்லும் உரிமையைச் சட்டம் அவளுடைய தேற்றத்துக்குத்தான் கொடுத்திருந்தது.

தண்ணீர் எப்படி ஓடும் என்று சொல்லும் சமன்பாடுகள் மிகப் பழையவை. அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் அவற்றுக்கு எப்போதும் விடை உண்டா, உண்டென்றால் ஒன்றே ஒன்றுதானா, இல்லை போகிற போக்கில் எங்கோ ஒரு புள்ளியில் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி விடையே உடைந்து சிதறிவிடுமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மங்கை சொன்னாள். உடையாது. இன்றைய நீரோட்டம் தெரிந்தால் நாளைய நீரோட்டம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கணக்கிடும்போது வரும் பிழை இவ்வளவுக்கு மேல் போகாது. மூன்றையும் நிரூபித்துக் காட்டினாள். கணித உலகம் எழுந்து நின்று கைதட்டியது. அதோடு விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிழை இவ்வளவுக்கு மேல் போகாது என்ற வரி அரசாங்கத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது. காணாமல் போன படகைத் தேடுவதென்றால் கப்பல், விமானம், டீசல், ஆட்கள், அப்புறம் கரையில் மறியல், தொலைக்காட்சியில் கூச்சல். இனி அந்தத் தொல்லை வேண்டாம். விண்ணிலிருந்து கடலை அளந்து, தேற்றத்தை வரிக்கு வரி பின்பற்றிய ஒரு கணினி நிரலில் போட்டால், படகு இருக்கக்கூடிய இடம் திரையில் ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும். அங்கே தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அதற்குக் கடல் சான்று என்று பெயர். சான்று முடிந்தால் தேடல் முடிந்தது, ஆள் இறந்ததாகக் கணக்கு. நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சான்று செல்லாது என்று சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள்.

முதல் வருடமே அது ஒரு விசைப்படகைக் காப்பாற்றியது. காற்றுக்கு நேர் எதிர்த்திசையில், எந்த மாலுமியும் எட்டிப் பார்க்காத இடத்தில் திட்டு விழுந்தது. போய்ப் பார்த்தால் படகு மிதக்கிறது, எல்லோரும் உயிரோடு. அன்றிலிருந்து சான்று எவ்வளவு விசித்திரமாக இருந்ததோ அவ்வளவுக்கு அதை நம்பினார்கள். அனுபவசாலிகள் முகம் சுளித்தால், போன தடவையும் இப்படித்தானே சுளித்தீர்கள் என்று வாயை அடைத்தார்கள்.

அந்தச் சான்று வந்து பத்து வருடமானதற்கு ஒரு விழா. தென்கடல் தேடல் மையம் கன்னியாகுமரிக் கரையில் ஒரு வெள்ளைக் கட்டடம், விழா அங்கே. மங்கை சென்னையிலிருந்து வந்து இறங்கிய அன்றே புயல் சின்னம் வலுத்தது. ரயில் நின்றது, விழாவும் நின்றது. அவளுக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடை கண்ணாடித்தாள் பிரிக்காமல் கணினி அறை மூலையில் ஒரு நாற்காலியின் மேல் கிடந்தது. அவள் மாடி விருந்தினர் அறையில் அடைபட்டுக் கிடந்தாள்.

புயல் போன ஐந்தாம் நாள் காலை, காபிக்காகக் கீழே இறங்கியபோது படிக்கட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் எழுந்து வழியை மறித்தாள்.

"கணக்கு போட்ட மேடம் நீங்கதானாமே?"

"என்ன கணக்கும்மா?"

"எங்க படகு கெழக்க இருக்குன்னு சொல்லுற கணக்கு. சகாய அன்னை. ஆறு பேரு போயிருக்காவ. கப்பலு ரெண்டு நாளா அங்கனதான் சுத்துதாம், ஒண்ணையும் காணலியாம். சாயங்காலத்தோட நிறுத்திருவோம்னு உள்ள சொல்லுதாவ. நிறுத்திருவாவளா மேடம்?"

அவள் பெயர் ரெக்சலின். ஊர் தேரிமுனை. கணவன் லியோன் அந்தப் படகில் இருந்தான். பேசும்போது அவள் கை தானாக மங்கையின் முழங்கையைப் பிடித்திருந்தது, பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தவள் பெனடிக்டா, லியோனின் அண்ணன் மனைவி. அவள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவியள விடு புள்ள. அவிய என்ன செய்வாவ. எனக்கும் போன வருசம் இதே படியிலதான் சொன்னாவ."

"உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு தொம்மை. செபமாலைன்னு படகு. போன கார்த்திகையில இதே மாதிரி வாடைக் காத்துல போச்சு. கெழக்கதான் சிவப்பு விழுந்துச்சு, கெழக்கதான் தேடுனாவ. பொறவு சான்று குடுத்துட்டாவ." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இவளுக்குத் தொணைக்கு வந்தேன். எனக்குப் பழக்கம்தானே."

தேற்றம் என்பது காகிதத்தில் இருப்பது. அது படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள். காபி குடிக்கப் போகவில்லை. நேராகக் கணினி அறைக்குப் போனாள்.

அங்கே ஜுபைர் இருந்தான். காயல்பட்டினத்துக்காரன், அவளிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன், தேற்றத்தை நிரலாக மாற்றியவன். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"சகாய அன்னை கணக்கைக் காட்டு, ஜுபைர்."

திரையில் நீலச் சதுரம் ஒன்று வந்தது. தென்கடலின் ஒரு பெரிய துண்டு. அதன் கிழக்கு விளிம்பை ஒட்டி ரத்தச் சிவப்பில் ஒரு திட்டு.

"கடைசி சிக்னல் எங்கே வந்தது?"

"இதோ, மேற்கே. சதுரத்தோட மேற்குப் பக்கம்."

"காத்து?"

"வாடைதான் மேடம். வடகிழக்கு. பேய்க்காத்து."

"மேற்கே இருந்த படகு, வடகிழக்குக் காத்துல, இவ்வளவு தூரம் கிழக்கே எப்படிப் போச்சு?"

ஜுபைர் சிரித்தான். அது பெருமைச் சிரிப்பு. "அதுதானே மேடம் உங்க தேற்றத்தோட அழகு. முதல் வருசமும் இப்படித்தானே. மையத் தலைவர் கமாண்டர்கூட முதல்ல தலையைச் சொறிஞ்சார். நான்தான் சொன்னேன், சுழல் எங்கேயாவது பிடிச்சு இழுத்திருக்கும், கணக்கு பொய் சொல்லாதுன்னு."

"போன பாதையைக் காட்டு."

"பாதையா? அதை யாரும் பார்க்கிறதில்லையே. சான்றுக்குக் கடைசித் திட்டு மட்டும்தான்."

"காட்டு."

அவன் தேடிப் பிடித்து எடுத்தான். படகு எங்கெல்லாம் மிதந்து போகலாம் என்று காட்ட லட்சம் புள்ளிகளைக் கடலில் விடுவார்கள். அவை நீரோட்டத்தோடு போகும். புள்ளிகள் கிளம்பின. காற்று அடித்த பக்கமே போயின. மேற்கே, இன்னும் மேற்கே. சதுரத்தின் மேற்கு விளிம்பைத் தொட்டன. மறைந்தன. அதே நொடியில் கிழக்கு விளிம்பில் முளைத்தன.

"ஒரு புள்ளிகூடத் தொலையாது மேடம்," என்றான் ஜுபைர். "ஆரம்பத்துல லட்சம், கடைசியிலும் லட்சம். எந்த நாட்டு நிரல்லயும் இப்படி வராது."

மங்கை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடலில் ஒரு புள்ளிகூடத் தொலையாமல் இருக்குமா? எல்லாமே தொலைகிற இடமல்லவா அது?

தவறு ஜுபைருடையது அல்ல. அவளுடையது. இன்னும் சரியாகச் சொன்னால் அவள் தொழிலுடையது. நீரோட்டத்தை ஆராய்கிறவர்களுக்கு இரண்டு சங்கடங்கள். கரை வைத்தால் கரையோரத்தில் நீர் உரசும், கணக்கு நாறிப்போகும். கரையே வேண்டாமென்றால் கடல் முடிவில்லாமல் விரியும். பிழை எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோரும் ஒரு தந்திரம் செய்வார்கள். கடலில் ஒரு சதுரத்தை வெட்டி, மேற்கு விளிம்பைக் கிழக்கோடும் வடக்கைத் தெற்கோடும் ஒட்டிவிடுவார்கள். சுவர் இல்லை, முடிவும் இல்லை. இடப்பக்கம் வெளியே போனது வலப்பக்கம் உள்ளே வரும். மேடையில் ஏறிக் கடலைச் சுருட்டிக்கொண்டேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஏன் என்று எந்த அரங்கிலும் எவனும் கேட்டதில்லை. மாணவியாக இருந்தபோது அவளும் கேட்டதில்லை. மரத்தடியில் செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிற மாதிரி, அது ஒரு பழக்கம்.

தேற்றம் அந்தச் சுருட்டிய கடலில் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. நிரல் அதை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும் என்று சட்டம் சொன்னது, ஜுபைர் பின்பற்றினான். ஒட்டியதையும் சேர்த்து.

"ஜுபைர், விளிம்பு," என்றாள். திரையின் மேற்கு ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். கெட்டிக்காரப் பையன். முகம் வெளிறிப்போக அதிக நேரம் ஆகவில்லை. "அல்லாஹ்," என்று மெல்லச் சொன்னான். "நடுக்கடல்ல தொலைஞ்ச படகுக்கு இந்தத் தப்பு வந்திருக்காது. விளிம்புக்குப் பக்கத்துல தொலைஞ்சாத்தான்…"

"எத்தனை படகு விளிம்புக்குப் பக்கத்துல தொலைஞ்சிருக்கு?"

அவன் பழைய சான்றுகளின் பட்டியலைத் திறந்தான். எண்ண ஆரம்பித்ததும் கண் கலங்கியது.

கமாண்டர் குலசேகரன் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மையத்தின் தலைவர், பெரிய மீசை, சின்னக் குரல். மங்கை சொன்னதை முதல் தடவை கேட்டபோது அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் புரியவில்லை.

"பழைய பட்டன் போன்ல பாம்பு விளையாட்டு ஆடியிருக்கீங்களா?" என்றாள் மங்கை.

"ஆடாதவன் உண்டா?"

"பாம்பு இடப்பக்கம் சுவருக்குள்ள போனா எங்கே வரும்?"

"வலப்பக்கம் வரும்." சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். மீசை ஒரு தடவை அசைந்தது. "மேடம்… கப்பல் நிற்கிறது பாம்பு வந்த பக்கத்துலயா?"

"ஆமா. அவங்க போன பக்கம் மேற்கு. சதுரத்துக்கு வெளியே."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இருக்கிறது ஒரே பெரிய கப்பல். மத்ததெல்லாம் வேற படகுகளைத் தேடப் போயிருக்கு. அங்கேயிருந்து மேற்கே திருப்பினா ஒரு நாளுக்கு மேல ஓடணும். டீசல் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். அங்கேயும் இல்லைன்னா திரும்பித் தேட முடியாது. எங்கேன்னு சொல்லுங்க, திருப்பறேன்."

"எங்கேன்னு தெரியாது. அந்தப் பக்கம் என் தேற்றம் எதுவும் சொல்லாது. ஜுபைர் பக்கத்துல இன்னொரு சதுரத்தை வச்சு, ஒட்டாம, சும்மா திறந்து விட்டுக் கணக்கு போடறான். வர்றது சான்று இல்லை. மதிப்பு. அவ்வளவுதான்."

"சான்று இல்லாத இடத்துல தேடறதுக்குச் சட்டம் இடம் கொடுக்காது."

"அஞ்சு நாளாத் தண்ணியில கிடக்கிறவங்களுக்கு அதைச் சொல்லுங்க."

"கோபப்படாதீங்க. ஒரு வழி இருக்கு." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "தேற்றத்துக்குச் சொந்தக்காரங்களே அதைத் திரும்ப வாங்கிக்கிட்டா, சட்டத்துக்குக் கால் இல்லை. அப்புறம் என் இஷ்டப்படி தேடலாம். ஆனா நீங்க வாங்கிக்கிட்டா இன்னிக்கு ஒரு சான்று மட்டும் போகாது மேடம். பத்து வருசச் சான்றும் போகும். அதை நம்பி எத்தனை குடும்பத்துக்கு இழப்பீடு போயிருக்கு, எத்தனை பொண்ணுங்க மறுகல்யாணம் பண்ணியிருக்காங்க, எத்தனை தேடலை இந்தக் கையால நான் மூடியிருக்கேன், யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தரும் வந்து நம்ம சட்டையைப் பிடிப்பாங்க. பிடிக்கணும்தான். அதையும் சொல்லிடறேன்."

மங்கை யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தன் பெயரை யோசித்தாள், விருதுகளை யோசித்தாள், தேற்றம் தப்பில்லை பயன்படுத்தியதுதான் தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாமே என்றுகூட யோசித்தாள். அது முழுக்க உண்மையும்கூட. கணிதத்தில் அந்த வாதம் நிற்கும். ஆனால் அரசாங்கக் குழு முதல்முறை வந்து உட்கார்ந்தபோது, இது நிஜக் கடலுக்குப் பொருந்துமா என்று ஒரு அதிகாரி கேட்டார். சின்னத் திருத்தங்களோடு பொருந்தும் என்று இவள்தான் சொன்னாள். அவர்கள் திருத்தங்களை மறந்தார்கள். இவளும் ஞாபகப்படுத்தவில்லை.

"எங்கே கையெழுத்து போடணும்?" என்றாள்.

கப்பல் மதியத்துக்குள் திரும்பியது. ஜுபைர் சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்து கணக்கை முடித்தான். மேற்கு விளிம்புக்கு அப்பால், யாரும் மீன் பிடிக்கப் போகாத தூரத்தில், நீர் மெதுவாக வட்டமடிக்கும் ஒரு பெரிய சுழல் இருந்தது. காற்றில் அடித்துக்கொண்டு வந்த எதுவும் அதற்குள் போய்ச் சேரும். சேர்ந்தது சுலபத்தில் வெளியே வராது. புள்ளிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நின்றன. மீதி எங்கே போயின என்று தெரியவில்லை. இந்தத் தடவை புள்ளிகள் தொலைந்தன. அதுவே ஒரு ஆறுதல்போல மங்கைக்குத் தோன்றியது; அந்த ஆறுதலுக்காக அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பும் வந்தது.

படிக்கட்டுக்குப் போய் இருவரிடமும் சொன்னாள். தப்பு நடந்துவிட்டது என்றாள், கப்பல் இப்போதுதான் சரியான பக்கம் போகிறது என்றாள். எப்படித் தப்பு என்று ரெக்சலின் கேட்கவே இல்லை.

"இன்னும் ஒரு நாளா? ஒரு நாளு ஆவுமா? குடிக்கத் தண்ணி இருக்காதே மேடம். கேன் ரெண்டுதான் ஏத்துனாவ, நான்தான் ஏத்தி விட்டேன். மூணாவதையும் ஏத்துங்கன்னு சொன்னேன், எடம் இல்லன்னு சொல்லிட்டாவ. மூணாவது கேன் இன்னும் வீட்டு வாசல்லதான் கெடக்கு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசலில் கிடக்கும் கேன், வாசலில் கிடக்கும் கேன்.

பெனடிக்டா மட்டும் மங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "மேற்கயா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. செபமாலையையும் இப்படித்தான் தவறவிட்டோம் என்று மங்கை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கோழை மாதிரி அங்கிருந்து நழுவினாள்.

மறுநாள் பிற்பகல் கமாண்டர் எல்லோரையும் தன் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார். விதிப்படி அது கூடாது. விதிகளெல்லாம் நேற்றே செத்துவிட்டதால் யாரும் கவலைப்படவில்லை. சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் தொலைபேசி அடித்தபடி இருந்தது. அவர் ஒயரைப் பிடுங்கி விட்டார். ரேடியோ மட்டும் இரைந்தது.

காத்திருப்பது பெரிய நரகம். ரெக்சலின் செபமாலையை உருட்டினாள், பாதியில் விட்டாள், முதலிலிருந்து தொடங்கினாள். ஜுபைர் சுவரோரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். மங்கைக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அந்த இடத்தில் அவள் கணக்கைத்தான் வைத்திருந்தாள். இப்போது அந்த இடம் காலியாகக் கிடந்தது.

ரேடியோ கரகரத்தது. கப்பல் கேப்டனின் குரல்.

"மையம், கேட்குதா? படகு ஒண்ணு தெரியுது. ஃபைபர் படகு. மிதக்குது."

ரெக்சலின் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். கமாண்டர் மைக்கைப் பிடித்தார். "பேரைப் பாருங்க. பேரைப் படிங்க."

நீண்ட இரைச்சல்.

"பாசி மூடியிருக்கு சார். பழைய படகு. சகாய அன்னை இல்லை. செ… செபமாலை. செபமாலைன்னு போட்டிருக்கு."

ரெக்சலின் நின்ற இடத்திலேயே மடிந்து தரையில் உட்கார்ந்தாள். பெனடிக்டாவின் தலை மெதுவாக ரேடியோ பக்கம் திரும்பியது.

"சார்," என்றது குரல், அவசரமாக. "ஆள் இருக்கு சார். படகுல ஆள் இருக்கு. கையை ஆட்டறாங்க. ஒண்ணு, ரெண்டு… நாலு பேர் சார். உயிரோட இருக்காங்க!"

பெனடிக்டா எழுந்தாள். ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. அதில் அப்போது வந்ததைப் பார்க்க மங்கைக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று, குனிந்துகொண்டாள். "தொம்மை," என்றாள் பெனடிக்டா. கத்தவில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "தொம்மை இருக்காவளா கேளுங்க. கேளுங்க சார்."

கமாண்டர் மைக்கை வாயருகே இழுத்தார். "பேரைக் கேட்டுச் சொல்லுங்க. ஒவ்வொரு பேரா."

கப்பல் நெருங்க நேரமானது. ஏணி இறக்கினார்கள், ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அவ்வளவு நேரமும் பெனடிக்டா நின்றாள், ரெக்சலின் தரையில் கிடந்தாள். பிறகு பெயர்கள் வந்தன.

"லியோன். ஊரு தேரிமுனை. கிறிஸ்டோபர், தேரிமுனை. சந்தியாகு. ஜான் போஸ்கோ. எல்லாரும் சகாய அன்னை ஆளுங்க சார். அவங்க படகு கவுந்துருச்சாம். மத்த ரெண்டு பேரு முதல் ராத்திரியே அலையில போயிட்டாங்களாம். இவங்க கவுந்த படகையும் ஒரு தண்ணி கேனையும் பிடிச்சுக்கிட்டு மிதந்திருக்காங்க. நேத்துக் காலையில இந்தப் படகு தானா பக்கத்துல வந்துச்சாம், ஏறிட்டாங்க. ஏறும்போது படகுல யாரும் இல்லை."

ரெக்சலின் தரையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. அடுத்த கணமே பெனடிக்டாவைப் பார்த்தாள். சத்தம் பாதியில் நின்றது. தவழ்ந்து போய் அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, அக்கா," என்று மட்டும் சொன்னாள். சந்தோஷப்பட அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. பெனடிக்டா குனிந்து அவள் தலையைத் தடவினாள், ஆனால் கண் ரேடியோவை விட்டு நகரவில்லை.

"எப்படிப் பிழைச்சாங்க?" என்று கேட்டார் கமாண்டர்.

"தண்ணி இருந்துச்சு சார் அந்தப் படகுல. தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நடுவுல ஓட்டை போட்டு, கீழே பீப்பாய் வச்சிருக்கு. மழை பெய்யப் பெய்ய தானா நிரம்பியிருக்கு. நல்ல தண்ணி. லியோன் குடிச்சதும் இது எங்க அண்ணன் கட்டுன முடிச்சுன்னு அழுதாராம். கயித்துல மீனைக் காயப் போட்ட முள்ளு கிடக்கு. ரொம்ப நாள் இருந்திருக்காங்க சார் இதுல. மாசக்கணக்கா இருக்கும். அப்புறம் உள்ளே போட்ட பலகையெல்லாம் கழட்டியிருக்கு, காலி கேன் ஒண்ணுகூட இல்லை. இன்ஜின் செத்த படகைத் துடுப்பால தள்ள முடியாதுன்னு, மிதவை கட்டி எங்கேயோ கிளம்பிட்டாங்கபோல."

குலசேகரன் ரேடியோவை அணைத்தார். மீசைக்காரர் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தத் தேடலை மூடியது அவர் கை.

பெனடிக்டா மங்கையிடம் வந்தாள். அடிப்பாள் என்று மங்கை நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"நீங்க சான்று குடுத்த அன்னிக்கு அவிய உயிரோடதான் இருந்தாவளா?"

எவ்வளவோ சொல்லலாம். தேற்றம், நிரல், சட்டம், அதிகாரி.

"இருந்தாங்க," என்றாள் மங்கை. "எங்க தப்பு. என் தப்பு."

பெனடிக்டா தலையை ஆட்டினாள், விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. "அன்னிக்குக் கோயில்ல பூசை வச்சேன். அவிய சட்டையையும் வேட்டியையும் பொதைச்சோம். ஊரே வந்து அழுதுச்சு. அப்ப அவிய அங்கன மழைத் தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்திருக்காவ." முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். "தம்பிக்குத் தண்ணி வச்சிட்டுப் போயிருக்காவ."

ரெக்சலின் விசும்பிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள். மேலிடத்து ஆட்கள் வந்துவிட்டார்கள் போலிருந்தது.

"மிதவையில போனா எங்க போயிருப்பாவ?" என்றாள் பெனடிக்டா.

"அம்மா…"

"கணக்கு போடுங்க."

"அந்தப் பக்கம் சரியா வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா. எப்பக் கிளம்பினாங்கன்னே தெரியாது. அதுக்குத் தேற்றம் எதுவும் கிடையாது. நிரூபணம் கிடையாது."

"நிரூபணம் இருந்தப்ப என்ன கெடச்சுது எனக்கு?"

மங்கை எழுந்து கணினி அறைக்குப் போனாள். ஜுபைர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். பெனடிக்டாவும் வந்தாள். மூலையில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். அதன் மேலிருந்த பொன்னாடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை மங்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மங்கை நிரலைத் திறந்து, விளிம்பை விளிம்போடு ஒட்டும் வரியைத் தேடி அழித்தாள். சதுரத்தின் நாலு பக்கமும் திறந்துகொண்டன. ஜுபைர் வைத்த மேற்குச் சதுரத்தையும் அதோடு சேர்த்து, அங்கே சுழலுக்கு நடுவில் லட்சம் புள்ளிகளை விட்டாள். அவை நகர ஆரம்பித்தன, கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையவும் ஆரம்பித்தன. பெனடிக்டா முன்னால் சாய்ந்து ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.